பின்சீட்டு இல்லாத வண்டி

வண்டி வாங்கிய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே நிறுத்தி மந்திரிக்கக் கேட்டோம். பங்குச் சாமியார் தீர்த்தச் செம்போடு வெளியே வந்தவர், இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவில் நின்ற என் வண்டியைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டார். அப்பா ஓடிப்போய்க் கூட்டி வந்தார். சாமியார் இடுப்பில் ஒரு கையை வைத்துக் குனிந்து, "முழுசா வந்துருச்சா, மீதி பின்னால வருதா?" என்று கேட்டார். மேல்கூரையை மடக்கி வைத்திருந்ததால் தெளித்த தீர்த்தம் அத்தனையும் சீட்டில் விழுந்தது. உள்பக்கம் இவ்வளவு நன்றாக மந்திரிக்கப்பட்ட வண்டி எங்கள் பங்கிலேயே இதுதான்.

அப்பாவின் அக்கா ஹெலன் அத்தை வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"ஏன்டி ஆன்சி, இதுல நாலு பேரு எங்கடி உட்காருவாங்க?"

"அந்த நாலு பேரும் உட்காரக் கூடாதுன்னுதான் அத்தை வாங்கினேன்."

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் கோழி டாக்டர். கால்நடை மருத்துவம் படித்து, முட்டைக்கோழிப் பண்ணைகளைப் பார்ப்பவள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா சவரியார் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். அம்மா செல்வமேரி அயோத்தியாப்பட்டணத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். படிப்பு முடிந்ததும் நாமக்கல்லில் ஒரு தீவனக் கம்பெனியில் சேர்ந்தேன். அவர்களிடம் தீவனம் வாங்கும் பண்ணைகளுக்குப் போய்க் கோழிக்கு என்ன சீக்கு என்று பார்த்துச் சொல்வது வேலை.

கம்பெனி ஜீப்பில் முன்சீட்டில் சீனியர் டாக்டர் வேல்முருகன் சார். பின்சீட்டில் நான், ஐஸ் பெட்டி, ஸ்டெப்னி டயர். செத்த கோழியை அறுத்துப் பார்த்தவள் நான். குடலில் என்ன இருக்கிறது, மூச்சுக்குழாயில் என்ன இருக்கிறது என்று பின்சீட்டிலிருந்து சொன்னவளும் நான். அதை முன்சீட்டில் வாங்கிக்கொண்டு, இறங்கி, மீசையைத் தடவி, பண்ணைக்காரரிடம் தன் வாயால் சொல்வது அவர். "பாப்பாவும் கூட வந்திருக்கு. கத்துக்குது" என்று கடைசியில் ஒரு வரி. சில வருஷம் கற்றுக்கொண்டேன். பிறகு ஒருநாள் புதன்சந்தைக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். தனியாகத் தொழில் செய்யப்போகிறேன் என்று சொன்னேன். அம்மா தையல் மிஷினை நிறுத்தவே இல்லை. அதை ஓட்டிக்கொண்டே அழுதாள்.

தொழிலுக்கு வண்டி வேண்டும். அப்பாவின் பட்டறைக்கு அடுத்த கொட்டகையில் இது கிடந்தது. மில்காரர் வீட்டுப் பையன் ஒருவன் ஆசைக்கு வாங்கி, ஆசை தீர்ந்ததும் சாக்கைப் போட்டு மூடியிருந்தான். இரண்டு கதவு, இரண்டு சீட், ஃபைபர் பாடி. செய்த கம்பெனி வண்டி செய்வதை நிறுத்திப் பல காலமாகிவிட்டது. அதனால் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கிற விலைக்கே கொடுத்தான். என்ஜின் சாதாரண கார் என்ஜின்தான் என்று மெக்கானிக் சொன்னதும் எனக்குப் பயம் போய்விட்டது. உட்கார்ந்து பார்த்தேன். திரும்பிப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் வெறும் தடுப்புதான் இருந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பெயிண்ட் அப்பா அடித்தார். பட்டறையில் மீந்த லாரி மஞ்சள். அத்தோடு கை நிற்கவில்லை. வண்டியின் பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதி, இரண்டு பக்கமும் பறக்கிற மாதிரி புறா வரைந்துவிட்டார்.

"ஸ்போர்ட்ஸ் காருப்பா இது."

"இருக்கட்டும் கண்ணு. எழுதலைன்னா பின்னாடி வர்ற டிரைவருக்கு அது வண்டின்னே தெரியாது. ஏதோ லாரியில இருந்து விழுந்த சாமான்னு நினைச்சுக்குவான்."

அவர் சொன்னது சரி. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் ரோட்டில் போர் போடும் ரிக் வண்டியும் முட்டை லாரியும் இரண்டு பக்கமும் போகும்போது என் காதுக்கு நேராக அவற்றின் சக்கரத்து நட்டுகள் சுற்றும். எந்த லாரிக்கு எந்த டயர் தேய்ந்திருக்கிறது என்று ஓனரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். டோல்கேட்டில் பூத்துக்குள்ளிருக்கும் பையன் எழுந்து நின்று எட்டிப் பார்த்த பிறகுதான் குறுக்குக் கம்பி மேலே போகும். ரோட்டை விட்டு ஊருக்குள் திரும்பினால் வேகத்தடை. மாரியம்மன் கோயிலுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, பழைய பிரசிடெண்டு வீட்டுக்கு ஒன்று. நேராக ஏறினால் வயிறு இடிக்கும். கோணலாக ஏறி, கோணலாக இறங்குவேன். பின்னால் வருகிற பைக்குக்காரன் ஹாரன் அடிப்பான். திரும்பி ஒரு பார்வை பார்ப்பேன். நிறுத்திவிடுவான்.

பக்கத்து சீட்டில் ஐஸ் பெட்டிக்கு பெல்ட் போட்டிருக்கும். அது பேசாது, புத்திமதி சொல்லாது. பண்ணைகளில் என் வண்டிக்கு 'மஞ்சக்கரு' என்று பேர் வந்துவிட்டது. "மஞ்சக்கரு வந்துருச்சுங்கோ" என்று உள்ளே சொல்லி அனுப்புவார்கள். என் பேரைச் சொல்வதில்லை. அதற்கும் கோபப்பட்டேன், ஆனால் கொஞ்சம்தான்.

கிடைத்ததெல்லாம் சின்னப் பண்ணைகள். பெட்ரோலுக்கும் வயிற்றுக்கும் சரியாக இருந்தது. பெரிய பண்ணைக்காரர்கள் எல்லோரும் ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோகனூர் ரோட்டில் இரண்டு பண்ணை வைத்திருக்கும் சென்னிமலை. அவர் எந்த டாக்டரை வைக்கிறாரோ அவரைத்தான் சுற்று வட்டாரம் வைக்கும். அவர் விட்டவரை எல்லோரும் விடுவார்கள். இதற்கிடையில் பழைய கம்பெனி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பொங்கலுக்குள் வந்தால் அதே வேலை, அதே சம்பளம். அதே ஜீப். அம்மா தினமும் காலையில் டீயோடு இதை ஒரு தடவை சொல்வாள். சென்னிமலை பண்ணை கிடைக்காவிட்டால் நான் திரும்பவும் அந்தப் பின்சீட்டில் ஏறி உட்கார வேண்டியதுதான்.

ஐப்பசியில் சென்னிமலையே ஆள் அனுப்பினார். அவருடைய பெரிய பண்ணையில் கோழிகளுக்கு முகம் வீங்கி, மூக்கில் சளி ஒழுகி, முட்டை எண்ணிக்கை விழுந்துவிட்டிருந்தது. வேல்முருகன் சார் மருந்து கொடுத்தார், சரியாயிற்று, திரும்ப வந்தது. இன்னொரு மருந்து கொடுத்தார், சரியாயிற்று, திரும்ப வந்தது.

முதல் தடவை போனபோது வண்டியைக் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து உள்ளே போனேன். எந்தப் பண்ணையிலும் அப்படித்தான். காரணம், கேட்டில் இருக்கும் மருந்துத் தொட்டி. பண்ணைக்குள் வரும் எந்த வண்டியும் அந்தத் தொட்டிக்குள் இறங்கி ஏறித்தான் வரவேண்டும். வேறு பண்ணையிலிருந்து சக்கரத்தில் ஒட்டி வரும் கிருமி அந்த மருந்துத் தண்ணீரில் சாகும். லாரிக்கென்று கட்டிய தொட்டி. லாரிக்கு அது கணுக்கால் ஆழம். என் வண்டிக்குக் கழுத்து ஆழம்.

நடந்து வரும் டாக்டரை அங்கே யாரும் பார்த்ததில்லை. ஆபீஸ் வராந்தாவில் சென்னிமலையின் மகன் சிவக்குமார் போனைப் பார்த்தபடி நின்றிருந்தான். பக்கத்தில் அவனுடைய புது வண்டி, வெள்ளை நிறம், வீடு மாதிரி உயரம். அதன் சக்கரத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம்.

"என்னங் டாக்டர், பஸ்ஸுலயா வந்தீங்க?"

"கார் வெளியே நிக்குது."

அவன் எட்டிப் பார்த்தான். "அதுங்களா. நான் யாரோ பொம்மை யாவாரி வந்திருக்கறான்னு நெனச்சேன்."

இரண்டு தடவை போனேன். கோழியைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன், தீவனத்தைப் பார்த்தேன், சாம்பிள் எடுத்து லேபுக்குக் கொடுத்தேன். என்ன சீக்கு என்பதில் சந்தேகமில்லை. எந்த வழியாகத் திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் தெரியவில்லை. சென்னிமலை பெரிய உடம்புக்காரர், குறைவாகப் பேசுவார். இரண்டாவது தடவை நான் கிளம்பும்போது மட்டும் சொன்னார்.

"அம்மிணி, இன்னொருக்கா வந்து பாருங்க. அப்பவும் புடிபடலைன்னா நான் பழைய ஆளையே கூப்புட்டுக்கறேன். கோவிச்சுக்காதீங்க."

மூன்றாவது தடவை போன அன்று, முந்தின ராத்திரி முழுக்கப் பெய்த மழை காலையிலும் விடவில்லை. மேல்கூரையில் ஒரு இடத்தில் ஒழுகும். அதற்கு நேராக என் இடது தோள். மல்லூர் தாண்டும்போதே தோள் நனைந்து, மனசும் நனைந்து, எதையாவது கடிக்க வேண்டும் போல வந்து சேர்ந்தேன். வேப்பமரத்தடியில் முழங்கால் சேறு. வண்டியை விட்டு இறங்கிக் குடையை விரித்தால் வராந்தாவிலிருந்து சிவக்குமாரின் குரல்.

"இன்னைக்கும் நடராஜா சர்வீஸுதானுங்களா? அந்தத் தொட்டியில எறங்கறதுக்கு வண்டிக்குத் தைரியம் பத்தாதுன்னா சொல்லிப்போடுங்க. ட்ராக்டர் ட்ரெய்லர்ல தூக்கி வெச்சுக் கொண்டாரச் சொல்றேன்."

தீவன மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் குடையை மடக்கினேன். வண்டியில் ஏறினேன். வாட்ச்மேன் சின்னுசாமி கேட்டைத் திறந்தபடி, "அம்மிணி, வேண்டாமுங்க, ஆளமா இருக்குதுங்க" என்றார். கேட்கவில்லை. கோபம் வந்தால் எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.

முன்சக்கரம் இறங்கியது. மூக்கு இறங்கியது. பிறகு வண்டியே இறங்கியது. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் மரியாதையாக உள்ளே வந்து, முதலில் செருப்பை, பிறகு சீட்டை, பிறகு என்னை நனைத்தது. நடுத்தொட்டியில் என்ஜின் ஒரு இருமல் இருமி நின்றது. இடுப்பளவு பழுப்புத் தண்ணீரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஐஸ் பெட்டி பெல்ட்டோடு மிதக்கப் பார்த்தது.

சிரிப்புச் சத்தம் ஷெட்டுக்குள் இருந்த கோழிகளுக்கே கேட்டிருக்கும். சிவக்குமார் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூட்டை தூக்குகிறவர்கள் வந்து பின்னால் கை வைத்துத் தள்ளினார்கள். "ஏனுங்கோ, பொறாவைப் புடிச்சுத் தள்ளுங்கோ" என்று ஒருவன் சொன்னதற்கு எனக்கே சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்திருந்தால்.

வண்டி மேடேறியது. கதவைத் திறந்ததும் தண்ணீர் என்னை முந்திக்கொண்டு இறங்கியது. நான் இறங்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"அழுவறாங்களாட்டிருக்குது" என்றான் யாரோ.

நான் அழவில்லை. மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மருந்தை எனக்குத் தெரியும். தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாலே கண்ணில் தண்ணீர் வரும். தோலில் பட்டால் காந்தும். அதில் இடுப்பளவு ஊறியவள் இந்நேரம் குழாயடிக்கு ஓடியிருக்க வேண்டும். எனக்குக் குளிர்ந்தது. அவ்வளவுதான். கையைக் குவித்து, சீட்டில் தேங்கியிருந்த தண்ணீரை அள்ளி மூக்கருகே கொண்டுபோனேன். சேற்று வாசம். வேறொன்றும் இல்லை.

உயரமான வண்டியில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இந்தத் தொட்டியைத் தாண்டுகிற யாருக்கும் இது தெரிய வழியே இல்லை. தொட்டியில் உட்கார்ந்து எழுந்த முதல் ஆள் நான்தான்.

"சின்னுசாமியண்ணா, இதுல மருந்து எப்பப் போட்டீங்க?"

"மழைத் தண்ணிங்க. பேஞ்சு ரொம்பிக் கரைஞ்சு போயிருக்குமுங்க."

"நான் அதைக் கேக்கலை. எப்பப் போட்டீங்க?"

அவர் வராந்தாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சிவக்குமார் சிரிப்பதை நிறுத்தியிருந்தான்.

மருந்து வைக்கும் அறை கேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே போனேன். நீலக் கேன்கள் வரிசையாக இருந்தன. ஒன்றின் மூடியும் திறக்கப்படவில்லை. முதல் கேனுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சிலந்தி குடும்பத்தோடு குடியிருந்தது. பின்னாலேயே வந்த சின்னுசாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சின்னவரு புது வண்டி எடுத்ததுல இருந்து போடறதில்லீங்க அம்மிணி. மருந்து பட்டா அந்தச் சக்கரத்துல வெள்ளை வெள்ளையாத் திட்டு உளுகுதுங்களாமா. வெறும் தண்ணி உடு போதும்னாருங்க. நான் சொன்னதாச் சொல்லிப்போடாதீங்க சாமி, பொழப்பு போயிரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது. இத்தனை ஆயிரம் கோழி, இத்தனை ஷெட், என் மூன்று வருகை, வேல்முருகன் சாரின் மீசை. எல்லாம் ஒரு சக்கரத்தின் பளபளப்புக்காக. பிறகுதான் அடுத்தது உறைத்தது. இதைச் சொன்னால் சென்னிமலையின் மகனைச் சொன்னதாகும். இந்தப் பக்கம் மகனை விட்டுக்கொடுத்து வெளியாளை வைத்துக்கொண்ட அப்பாவை நான் பார்த்ததில்லை. சொல்லாமல் விட்டு, ரகசியமாக மருந்தை ஊற்றச் சொன்னால் கோழி தேறும், மகனுக்கும் மானம் மிஞ்சும், எனக்கும் பண்ணை கிடைத்தாலும் கிடைக்கும்.

ஆனால் அப்படிக் கிடைத்தால் அதுவும் ஒரு பின்சீட்டுதான். என் வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாது என்பதும் உண்மை.

சென்னிமலை ஷெட்டிலிருந்து குடையோடு வந்துகொண்டிருந்தார். நனைந்த கோழி மாதிரி நின்ற என்னையும், கதவு திறந்து தண்ணீர் வடியும் வண்டியையும் பார்த்தார்.

"என்ன அம்மிணி இது கோலம்?"

"உங்க தொட்டியில குளிச்சேங்க. மருந்தே இல்லை. கேன் எல்லாம் மூடி திறக்காம இருக்கு. முட்டை லாரி பல பண்ணை ஏறி இறங்கி உங்க பண்ணைக்கு வருது. நேரா உள்ளே வருது. சீக்கு இதுலதான் வந்துச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வர்றதுக்குக் கதவைத் திறந்து வெச்சிருக்கீங்க."

"யாரு போடாம உட்டது?"

சின்னுசாமி தரையைப் பார்த்தார். நான் வாட்ச்மேன் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வராந்தாவைக் காட்டினேன்.

"அந்தச் சக்கரத்தைப் பாருங்க. தினமும் மருந்துல இறங்கி ஏறுற சக்கரம் இப்படியா மின்னும்?"

சென்னிமலை தன் மகனின் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

"ஏன்டா."

"அப்பா, அலாய் வீலுப்பா. திட்டு உளுந்தா போகாதுப்பா. சர்வீஸ்காரனே சொன்னான்."

"கோழிக்கு மூஞ்சி வீங்குனா போகுமாடா?"

"இந்தப் பொம்மைக் கார்க்காரி சொல்றதைக் கேட்டுட்டு..."

"பொம்மைக் காரு தொட்டியில எறங்குச்சு. மருந்து இருந்திருந்தா உன்ற காரு எறங்கியிருக்குமா?"

சிவக்குமார் வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டான். வெறும் தண்ணீரில் இறங்கி, ஏறி, மோகனூர்ப் பக்கம் போய்விட்டான். சென்னிமலை கேட்டுப் பக்கம் நடந்தார். பிறகு சின்னுசாமியிடம், தொட்டியை இறைத்துக் காலி பண்ணி, கழுவி, கேன் மேல் எழுதியிருக்கும் அளவுக்குக் கலக்கச் சொன்னார். என் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு பண்ணையிலயும் போய்ப் பாத்துப்போட்டாத்தான் எனக்கு மனசு ஆறும். இப்பவே போவோணும். அவன் வண்டியைக் கொண்டு போயிட்டான். உங்களுது ஓடுமா?"

"ஓடும். ஆனா நீங்க குளிச்சு வேற துணி மாத்திக்கிட்டுத்தான் ஏறணும். நானும் அப்படித்தான்."

"நானா? என்ற பண்ணைக்கு நான் போறதுக்கா?"

"கோழிக்கு நீங்க ஓனர்னு தெரியாதுங்க. உங்க கால்ல சீக்கு இருந்தா அதுக்குப் போதும்."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு குளியலறைக்குப் போனார். எனக்குத் தெரிந்து அவரைக் குளிக்கச் சொன்ன இரண்டாவது பெண் நான். முதலாமவர் அவருடைய அம்மாவாக இருந்திருக்க வேண்டும்.

நானும் குளித்து, பையில் எப்போதும் வைத்திருக்கும் மாற்றுத் துணியைக் கட்டிக்கொண்டேன். வண்டியின் அடித்தட்டு அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடித்தேன். பிளக்கைத் துடைத்தேன். மருந்தைக் கலந்து நாலு சக்கரத்துக்கும் நானே அடித்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் இப்போது சிரிக்கவில்லை, ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாலாவது முறை சாவி திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. மழையும் நின்றிருந்தது.

அடுத்தது சென்னிமலையை ஏற்றுவது. சீட்டில் தீவனச் சாக்கை விரித்தேன். முதலில் அவர் தலையை நுழைத்தார், வயிறு வெளியே நின்றது. பிறகு காலை நுழைத்தார், தலை வெளியே நின்றது. "பின்னால திரும்பி உட்காருங்க, அப்புறம் காலைத் தூக்கி உள்ள வைங்க" என்று சொன்னேன். உட்கார்ந்தார். எதிர்பார்த்ததைவிட ஒரு முழம் கீழே போய்த்தான் சீட் வந்தது. "அய்யோ முருகா" என்றார். அவருடைய காலைச் சின்னுசாமி மரியாதையோடு தூக்கி உள்ளே வைத்தார். ஐஸ் பெட்டிக்கு வேறு இடமில்லை, அவர் மடியில் வைத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இறைத்துக் காலியாகியிருந்த தொட்டியில் இறங்கி ஏறி மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஒரு கரும்பு லோடு பக்கத்தில் வந்தது. சென்னிமலை ஜன்னல் பக்கத்திலிருந்து என் பக்கம் சாய்ந்தார்.

"ஏனுங் அம்மிணி, டயரு தலைக்கு மேல வருது."

"தினமும் அப்படித்தாங்க வருது."

"பயமா இல்லீங்களா?"

"ஜீப்புல பின்னாடி உட்கார்றதைவிட இல்லைங்க."

அவருக்குப் புரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் வேகத்தடை வந்தது, கோணலாக ஏறினேன். அவர் என்னோடு சேர்ந்து கோணலாகச் சாய்ந்தார். அடுத்த வேகத்தடைக்கு நான் சொல்லாமலே சாய்ந்தார். அதற்கடுத்ததற்கு, "வருது, வருது, புடிச்சுக்குங்க" என்று என்னை எச்சரித்தார். பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒருவர் உள்ளே யார் என்று பார்த்துவிட்டு, பீடியை மறைக்க மறந்து வாயைப் பிளந்தார். சென்னிமலை ஐஸ் பெட்டி மேலிருந்து ஒரு விரலைத் தூக்கி அவருக்குத் தலையாட்டினார்.

இரண்டாவது பண்ணையின் கேட்டில் நிறுத்தினேன்.

"உள்ளே போகலை. குளிச்சாலும் இன்னைக்கு ஒரு சீக்குப் பண்ணையைத் தொட்டாச்சு. நீங்களும் போகக் கூடாது. ஆளை வெளியே கூப்பிடுங்க."

"போறதுக்கு நான் எறங்கினாத்தானுங்களே" என்றார்.

ஹாரன் அடித்தேன். மேனேஜர் குமரன் ஓடி வந்தார். என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "அய்யா வாறதா போன் பண்ணுனாருங்க. எங்கீங்க?"

"கீழ பாரு" என்றார் சென்னிமலை.

குமரன் முட்டியில் கை வைத்துக் குனிந்தார். இடுப்பை வளைக்காமல் அந்த ஜன்னலில் யாரும் பேச முடியாது. தொட்டித் தண்ணீரை ஒரு மக்கில் கொண்டுவரச் சொன்னார் சென்னிமலை. கொண்டுவந்தார். அதில் கையை விடப் போன சென்னிமலையை நான் தடுத்தேன். "மோந்து மட்டும் பாருங்க. தூரமா." அவர் தூரமாக வைக்கவில்லை. ஒரே இழுப்பு. தும்மினார், திரும்பத் தும்மினார், கண்ணிலிருந்து தாரையாக ஊற்றியது. ஐஸ் பெட்டியை விட்டுவிடாமல் தோளால் கண்ணைத் துடைக்கப் பார்த்தார்.

"அய்யா, என்னாச்சுங்க? ஊட்டுல ஏதாச்சும்..." குமரனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"இருக்குதுடா. மருந்து இருக்குது."

"தினமும் போடறமுங்க. மழை பேஞ்சா ரெண்டு தடவை."

"சின்னவன் இங்க வந்து போடாதேன்னு சொல்லலையா?"

"அவரு இந்தப் பக்கமே வாறதில்லீங்க. ரோடு மோசம்னு."

"முட்டை?"

"கொறையலீங்க. ஒரு கோளிக்கும் மூஞ்சி வீங்கலீங்க."

சென்னிமலை மக்கைத் திருப்பிக் கொடுத்தார். கண் சிவந்திருந்தது. முன்கண்ணாடி வழியாக எதிரே இருந்த தென்னந்தோப்பைப் பார்த்தார். நான் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். இதற்குமேல் நான் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை.

"குமரா, இனி ரெண்டு பண்ணைக்கும் இந்த அம்மிணிதான் டாக்டரு. இவிங்க சொன்னா எனக்குக் கேக்க வேண்டியதில்லை, செஞ்சுபோடு."

குமரன் குனிந்தபடியே தலையாட்டினார். எனக்கு உள்ளுக்குள் ஏதோ குதித்தது. முகத்தில் காட்டவில்லை என்று நினைக்கிறேன்.

"ஆனா ஒண்ணு அம்மிணி" என்றார் சென்னிமலை. "இந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். லாரிக்காரன் கண்ணுக்கே தெரியலை. நான் ஒரு நல்ல பெரிய வண்டி தாரேன், டிரைவரையும் போட்டுத் தாரேன். நீங்க சொகுசாப் பின்னால உக்காந்துட்டு வரலாம்."

அவர் நல்ல மனசோடு சொன்னார். அதனாலேயே எனக்குக் கோபம் வரச் சற்று நேரம் பிடித்தது.

"பின்னாடி உட்கார மாட்டேங்க. அதை விட்டுட்டுத்தான் வந்தேன். இந்த வண்டியிலதான் வருவேன், கேட்டுக்கு வெளியே நிறுத்திட்டு நடந்து வருவேன். சரின்னா சொல்லுங்க. இல்லைன்னா இப்பவே உங்களை வீட்ல இறக்கிவிட்டுட்டுப் போயிர்றேன்."

குமரன் நிமிர்ந்து தள்ளிப் போய் நின்றுகொண்டார். சென்னிமலையிடம் யாரும் இப்படிப் பேசி அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

சென்னிமலை மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார். தன் முழங்கால் நெஞ்சைத் தொடுகிற மாதிரி இருப்பதைப் பார்த்தார்.

"இதுல நான் உக்காந்தா உங்க சாமான் எங்க வெப்பீங்க?"

"உங்க மடியிலதான்."

"அப்ப நான் உங்களுக்கு ஹெல்ப்பரு" என்றார். வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்பது எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "செரி. நடந்தே வாங்க. இனி அவனும் நடந்தே வருட்டும். எல்லாக் காரும் கேட்டுக்கு வெளியதான். லாரி மட்டும் உள்ள."

"முட்டை ட்ரேயையும் மருந்துல முக்காம உள்ளே விடக் கூடாது. ஷெட்டுக்கு ஷெட் ஆள் மாறக் கூடாது. தடுப்பூசி திரும்பப் போடணும். செலவாகும்."

"ஆகட்டும். நாளைக்குக் காலைல வந்து ஆரம்பிச்சிருங்க."

"நாளைக்கு வேற பண்ணை இருக்குங்க. சின்னப் பண்ணை, ஆனா முன்னாடியே சொன்னது. நாளன்னைக்கு வாரேன்."

நாமக்கல் ஜில்லாவில் எனக்கு முன்னால் சென்னிமலையைக் காத்திருக்கச் சொன்ன கோழி டாக்டர் யாரும் இருந்திருக்க முடியாது. அவர் காத்திருக்கச் சம்மதித்தார்.

குமரன் கதவைத் திறந்து அவர் இறங்கக் கையைக் கொடுத்தார். சென்னிமலை ஒரு தடவை முயன்றார். அரை அங்குலம் எழுந்து, திரும்ப விழுந்தார்.

"உடுடா. எறக்கறதுக்கு ஊட்டுல ஆளிருக்குது." கதவைச் சாத்திக்கொண்டார். "ஓட்டுங்க அம்மிணி. இந்த மேல்மூடி தெறக்கறதுதானே? தெறந்து உடுங்க, மழைதான் நின்னுருச்சே."

திறந்துவிட்டேன். துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். இன்னும் அம்மிணி என்றுதான் கூப்பிடுகிறார், டாக்டர் என்று இல்லை. அதைத் திருத்த நாள் இருக்கிறது. கியரைப் போட்டேன், முதல் வேகத்தடை வருமுன்பே அவர் சாய்ந்துகொண்டார்.